ரப்பர் தடியில் தோற்று, குமிழில் தேறிய குடில்

கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் குடிலுக்காக நான் மரத்தில் செதுக்கிய சுரூபங்களை, அந்தச் சின்னச் சிலைகளைத் தேடவில்லை, அடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியைத்தான் பார்த்தேன். தூள் இல்லை. மாடு, கழுதை, மாதா, சூசையப்பர் எல்லாரையும் ஒவ்வொருவராக எடுத்துத் துணியை உதறிப் பார்த்தேன். ஒரு சிட்டிகைகூட விழவில்லை. அப்போதுதான் இந்த வேலை கைகூடிவிட்டது என்று நம்பினேன். அந்தத் துணியை வெள்ளையாகப் போட்டதற்குக் காரணம் நான் இதற்கு முன் செதுக்கிய சுரூபத் தொகுப்புதான். அங்கிருந்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில். வீட்டில் அம்மா கல்யாணமாகி வந்த காலத்துச் சாந்துச் சுரூபங்கள் இருந்தன. வருடத்துக்கு ஒன்றாக உடைந்து, கடைசியில் சூசையப்பருக்குக் கை இல்லை, ஆட்டுக்குத் தலை இல்லை. புதிதாகச் சாந்தில் வாங்கினால் திரும்பவும் உடையும், மரத்தில் நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தில் 28 வருடத்து மரங்கள் பால் குறைந்துபோய் வெட்டுக்கு வந்தன. தடியை லாரியில் ஏற்றிப் போனார்கள், கிளைகள் விறகுக்கு மிச்சம். கை கனத்தில் நல்ல நேரான கிளைகள், உள்ளே வெளேரென்று இருந்தன. கத்தி வைத்தால் சீவலாக வருகிறது. இதைவிட நல்ல மரம் எங்கே கிடைக்கும் என்று பத்துக் கட்டைகளை அறுத்து வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஐம்பது வருடமாகத் தச்சு வேலை பார்ப்பவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "இது வெறகுத் தடியில்லா மக்கா, ஒரு மழைகூடத் தாங்காதே" என்றார். மழையில் வைக்கப் போவதில்லை அண்ணாச்சி, வீட்டுக்குள்தானே என்றேன். அவர் சொன்னது அது இல்லை என்று ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

ஒரு வாரத்தில் கட்டைகளின் முனைகளில் நீலம் கலந்த சாம்பல் நிறம் படர்ந்தது. அழுக்கு என்று நினைத்து உப்புத்தாளால் தேய்த்தேன், போகவில்லை, மேலும் தேய்த்தேன். அது பூஞ்சை. ரப்பர் மரத்தை வெட்டின சில நாளிலேயே மருந்தில் ஊறவைக்காவிட்டால் வரும். அதோடு அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதைத் தின்னும் வண்டுக்கு அது விருந்து. நாற்காலி, மேசை செய்கிற ஆலைகளில் அறுத்ததுமே பூச்சி, பூஞ்சைக்கு எதிரான போரான் கரைசல் ஏற்றிச் சூளையில் காயவைத்த பிறகுதான் எடுக்கிறார்கள். நான் ஒன்றும் செய்யாமல் செதுக்கி, மேலே வார்னிஷ் அடித்து, அந்த டிசம்பரில் குடிலில் வைத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். மகள் ஆடுகளுக்குப் பேர்கூட வைத்தாள்.

அடுத்த நவம்பரில் பெட்டியைத் திறந்தால் அடியில் கோதுமை மாவு போலக் குவியல் குவியலாகத் தூள். மாட்டைத் தூக்கினேன், கையில் கனமே இல்லை. உடம்பு முழுக்கக் குண்டூசித் தலையளவு ஓட்டைகள். கட்டைவிரலால் அழுத்தியதும் முதுகு உள்ளே போய்விட்டது. அம்மா அவற்றைக் குப்பையில் போட விடவில்லை, சாமியார் மந்திரித்த சுரூபங்கள். தென்னை மூட்டில் வைத்து எரித்துச் சாம்பலை அங்கேயே மூடினோம். மகள் அன்று சாப்பிடவில்லை. அந்தக் கிறிஸ்துமசுக்குக் கையில்லாத சூசையப்பரே திரும்பக் குடிலுக்கு வந்தார்.

சரி, இரண்டாம் முறை அண்ணாச்சியிடமே கேட்டேன். தேக்கு வேண்டாம், சின்ன உருவத்துக்குக் கையை நோகடிக்கும். பலா நல்ல மரம், ஆனால் எண்ணெய் பட்டதும் நிறம் கறுக்கும், முகம் தெளியாது. குமிழ் மரம் எடு என்றார். கனமில்லாத மரம், வெளிர் மஞ்சள், காயும்போது அதிகம் முறுக்காது, உளிக்கு வளையும். ஜனவரியில் மர அறுவை மில்லில் 3 அங்குலம் கனம், 4 அங்குலம் அகலம், 4 அடி நீளத்தில் ஒரு துண்டு வாங்கினேன். கன அடியில் மூன்றில் ஒரு பங்கு, 420 ரூபாய். காய்ந்த மரம் என்று சொல்லித்தான் தந்தார்கள். வீட்டில் அறுத்தபோது ரம்பத்தில் ஈரம் ஒட்டியது.

ஈரமாக இருந்தது ஒருவகையில் நல்லதாகப் போனது. போரான் மருந்து ஈர மரத்துக்குள்தான் ஊர்ந்து போகும், காய்ந்த மரத்தில் மேலோடு நின்றுவிடும். துண்டுகளாக அறுத்து, 5 லிட்டர் வெந்நீரில் 150 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 100 கிராம் போரிக் பவுடரும் கரைத்துப் பழைய பிளாஸ்டிக் வாளியில் மூன்று நாள் ஊறவிட்டேன். மேலே கல் வைத்து அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் மிதக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வாளியைக் குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வையுங்கள், பிறகு அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். காயும்போது மேலே உப்புப் பூத்தது போல வெள்ளை படியும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். 7 சென்டிமீட்டர் கனத்தின் நடு வரைக்கும் மூன்று நாளில் மருந்து போகாது. செதுக்கும்போது மேல் பாகமும் போய்விடும். அதனால் செதுக்கி முடித்த பிறகு அதே கரைசலை இரண்டு முறை தூரிகையால் அடித்தேன். இனி ஒரு வாரம் ஊறவிடுவேன்.

காய்ந்ததா என்று கண்டுபிடிக்க அம்மாவின் சமையல் தராசுதான் கருவி. ஒவ்வொரு கட்டையிலும் பென்சிலால் தேதியும் எடையும் எழுதி, வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை நிறுத்தேன். சூசையப்பர் கட்டை வாளியிலிருந்து எடுத்து நீர் வடிந்ததும் 1,130 கிராம். பிப்ரவரியில் வேகமாக இறங்கியது, ஏப்ரலில் மெதுவாக, மே கடைசியில் 790இல் நின்றது. ஜூனில் மழை பிடித்ததும் 805க்கு ஏறியது. எங்கள் பக்கம் ஜூனிலும் ஒரு மழை, அக்டோபரிலும் ஒரு மழை. அதனால் ஜனவரியில் ஆரம்பிக்காதவர்களுக்கு அந்த வருடக் கிறிஸ்துமசுக்குக் காய்ந்த கட்டை கிடைக்காது. முனைகளில் ஃபெவிகால் தடவி, அடுப்படிப் பரணில் இடைவெளி விட்டு அடுக்கியிருந்தேன். முனை வழியாக ஈரம் சட்டென்று போனால் அங்கே பிளக்கும்.

அப்படியும் ஒன்று பிளந்தது. சூசையப்பர் கட்டையின் ஒரு ஓரத்தில் மரத்தின் நடுத்தண்டு ஓடியதை வாங்கும்போது கவனிக்கவில்லை. நடுத்தண்டு உள்ள கட்டை எவ்வளவு பக்குவமாகக் காயவைத்தாலும் வெடிக்கும். 11 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. வேறு கட்டைக்கு மிச்சம் இல்லாததால் வெடிப்பு முதுகுப் பக்கம் வரும்படி உருவத்தைத் திருப்பிக்கொண்டேன். முதலில் மரத்தூளும் பசையும் பிசைந்து அடைத்தேன். காய்ந்ததும் சரியாகத்தான் இருந்தது, எண்ணெய் பூசியதும் அந்தக் கோடு மட்டும் கறுத்துத் தனியாகத் தெரிந்தது. சுரண்டி எடுத்துவிட்டு, அதே மரத்தில் ஆப்பு போல மெல்லிய சில்லு சீவி, நார் ஒரே திசையில் ஓடும்படி பசை வைத்து இறக்கி, மறுநாள் மட்டமாகச் சீவினேன். இப்போது தேடினால்தான் தெரியும்.

உளி விஷயத்தில் பணம் வீணாக்காதீர்கள். முதல் வருடம் பன்னிரண்டு உளிகள் கொண்ட ஒரு பெட்டி வாங்கினேன். ஒன்றுகூட முனை நிற்கவில்லை. இந்த முறை கொல்லர் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டைத் தகட்டில் மூன்றே கருவிகள் அடித்து வாங்கினேன்: அரை அங்குலத் தட்டை உளி 180 ரூபாய், நுனி குழிந்த கால் அங்குல உளி 220, விரல் நீளக் கத்தி 150. எல்லா வேலையும் இந்த மூன்றில்தான் நடந்தது. 160 ரூபாய்க்கு ஒரு சாணைக்கல். பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி, கல்லில் தீட்டிய பிறகு அதில் இருபது இழுப்பு. அரை மணிக்கு ஒருமுறை இழுக்க வேண்டும். மழுங்கிய கத்தியைத்தான் நாம் பலம் கொடுத்துத் தள்ளுவோம், அப்போதுதான் அது வழுக்கிக் கைக்கு வரும். எனக்கு இடது கட்டைவிரலில் இரண்டு தையல் அப்படி விழுந்ததுதான். அதற்குப் பிறகு சைக்கிள் டியூப்பை இரண்டு அங்குலம் வெட்டிக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டேன், மறுபடி வெட்டுப்படவில்லை. தோட்டத்துப் பால்வெட்டும் கத்தியையும் முயன்று பார்த்தேன். அதன் நுனி மடங்கியிருப்பதால் சூசையப்பரின் மேலாடையில் நீள மடிப்புகள் போட ஏதுவாக இருந்தது, மற்ற இடங்களுக்குப் பெரிது.

எதிலிருந்து தொடங்குவது? 1223இல் அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோவில் முதன்முதலாகக் குடில் அமைத்தபோது ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். நானும் மாட்டிலிருந்தே தொடங்கினேன். படுத்த மாடு, கால்கள் மடங்கி உடம்போடு ஒட்டியிருக்கும், ஒடிய எதுவும் இல்லை, கை பழகுவதற்கு அதைவிட நல்ல உருவம் கிடையாது. 15 சென்டிமீட்டர் நீளம், 9 உயரம், 7 அகலம். பழுப்புத் தாளில் பக்கவாட்டுத் தோற்றமும் முன்தோற்றமும் அதே அளவில் வரைந்து, கார்பன் தாள் வைத்துக் கட்டையின் இரண்டு முகங்களிலும் படியெடுத்தேன். கோடு வரைக்கும் விரற்கடைக்கு ஒன்றாக ரம்பத்தால் வெட்டு போட்டு, நடுவில் நிற்கும் துண்டுகளைத் தட்டை உளியால் தட்டினால் சில்லு சில்லாக விழும். ஒரு பக்கம் முடித்ததும் மறு முகத்துக் கோடும் சேர்ந்து விழுந்துவிட்டது. வரைந்ததைத் திரும்ப வரைந்தேன். விழுந்த பெரிய சில்லுகளை டேப் வைத்துத் திரும்ப ஒட்டிக்கொண்டு மறு முகத்தை வெட்டலாம் என்பது கழுதை செய்யும்போதுதான் தெரிந்தது. மாட்டுக்கு ஒன்பது மாலைகள் ஆயின. கொம்பை மட்டும் கொய்யாக் குச்சியில் செய்து துளையில் செருகினேன்.

கழுதை நிற்கிற மாதிரி வேண்டும் என்று மகள் கேட்டாள். முதல் கழுதையில் நார் உடம்பு நீளவாக்கில் ஓடியது, காலுக்குக் குறுக்காக. மூன்றாவது கால் செதுக்கும்போது முதல் கால் ஒடிந்தது. ஒட்டினேன், அடுத்தது ஒடிந்தது. இரண்டாவது கழுதையில் நாரை நெட்டுக்குத்தாக வைத்தேன். காலும் கழுத்தும் காதும் நார் ஓட்டத்திலேயே வந்தன, உடம்பு தடிமன் என்பதால் குறுக்கு நார் அதற்குப் பாதகம் இல்லை. அதோடு முன்கால் இரண்டுக்கும் நடுவில் உள்ள மரத்தைக் கடைசி நாள் வரைக்கும் எடுக்காமல் விட்டேன். கட்டையை அறுக்கும் முன்பே நார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒவ்வொரு உருவத்துக்கும் தாளில் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்வது இதற்குப் பிறகு பழக்கமாகிவிட்டது.

முகம்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. சூசையப்பர் 18 சென்டிமீட்டர், தலை இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட. தட்டையான பக்கத்தில் முகம் செதுக்கினால் மூக்குக்காக இரண்டு கன்னத்தையும் தோண்ட வேண்டியிருக்கிறது, முகம் தோசை போலத் தட்டையாகிவிடுகிறது. அண்ணாச்சி கட்டையை வாங்கித் திருப்பி மூலை விளிம்பைக் காட்டினார். "மூக்க இங்க வையி மக்கா, கன்னம் தானா சரிஞ்சு வரும்." சதுரக் கட்டையின் விளிம்பை மூக்காக வைத்தால் இரண்டு பக்கமும் ஏற்கெனவே சரிவாகத்தான் இருக்கிறது. மீந்த குச்சிகளில் பதினொரு தலைகள் செதுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சூசையப்பரைத் தொட்டேன். இந்த அளவில் கண்ணுக்கு இமை, பாப்பா என்று போகாதீர்கள். புருவத்தின் கீழ் ஒரு குழிவு, அதில் ஒரே கீறல் போதும். மங்கின விளக்கில் அதுவே கீழே குழந்தையைப் பார்க்கிற பார்வையாகிவிடுகிறது. சூசையப்பருக்குக் கொஞ்சம் அண்ணாச்சியின் சாயல் வந்துவிட்டது. நான் நினைத்துச் செய்யவில்லை, ஆனாலும் மாற்ற மனம் வரவில்லை. அவரும் தச்சர்தானே.

மாதா முழந்தாளிட்டு 13 சென்டிமீட்டர். கூப்பிய கை செதுக்கினேன், விரல்கள் உதிர்ந்தன. கையை மார்பில் மேலாடைக்குள் வைத்து, துணி மேலே சற்றுப் புடைத்திருப்பதாக மாற்றினேன். இப்போது பார்த்தால் அதுதான் குளிர் இரவுக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

குழந்தை இயேசுவை நான்கு முறை செய்தேன். ஆறரை சென்டிமீட்டர் உருவம். பழைய சாந்துச் சுரூபத்தில் பாலன் இரண்டு கையையும் விரித்திருப்பார், அம்மாவுக்கு அந்தப் பழக்கம். நார் தலையிலிருந்து காலுக்கு ஓடுகிறது, கை குறுக்கே நீள்கிறது, ஒடியாமல் என்ன செய்யும்? மூன்றாவது பாலனின் கையும் ஒடிந்த அன்று டிசம்பர் 15. திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்தத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "துணியில பொதிஞ்சுதானே மக்களே மாதா கிடத்துனாவ. கை எதுக்கு வெளிய?" லூக்கா நற்செய்தியில் அப்படித்தான் இருக்கிறது, குழந்தையைத் துணிகளில் சுற்றித் தீவனத்தொட்டியில் கிடத்தியதாக. நான்காவது பாலன் முழுக்கத் துணியில் சுற்றியவர், முகம் மட்டும் வெளியே. இரண்டே மாலைகளில் முடிந்தது. தொகுப்பிலேயே எனக்கு மிகப் பிடித்த உருவம் அதுதான். 24ஆம் தேதி நடுச்சாமப் பூசை முடிந்து வந்து அம்மாதான் அவரைத் தொட்டியில் கிடத்தினாள்.

நிறத்தில் ஒரு தப்பு செய்தேன். ஒரு ஆட்டுக்கு எனாமல் அடித்தேன், பிளாஸ்டிக் பொம்மையாகிவிட்டது, கத்தி போன தடமெல்லாம் மறைந்துவிட்டது. சுரண்டினேன். பிறகு அக்ரிலிக் நிறத்தில் ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர் கலந்து, மரத்தின் ரேகை தெரியும்படி ஒரே பூச்சு. மாதாவுக்கு நீலம், சூசையப்பருக்குக் காவிப் பழுப்பு, இடையனின் கம்பளிக்குச் சாம்பல். முகத்துக்கும் கைக்கும் நிறமே இல்லை, குமிழின் நிறமே போதும். நிறம் பூசும் முன் ஒருமுறை தண்ணீர் தடவி, காய்ந்ததும் சிலிர்த்து நிற்கும் நாரை 220ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதைத் தவறவிட்டதால் மாதாவின் முக்காடு இன்றும் கொஞ்சம் சொரசொரப்பு.

மேலே ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு, அது ஒரு வாரம் காய்ந்தபின் தேன்மெழுகு. மார்த்தாண்டம் பக்கம் தேன்கூடு வைக்காத தெரு குறைவு, மெழுகுக்குக் கஷ்டம் இல்லை. ஒரு பங்கு மெழுகை நான்கு பங்கு எண்ணெயில், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினேன். நேரடித் தீயில் வைக்காதீர்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடவும் கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்ட பிறகுதான் எறிய வேண்டும்.

சுரூபங்களுக்குக் குடில் வீடு கட்டும் வேலை இரண்டு நாளில் முடிந்தது. மூங்கில் கால், பனையோலைக் கூரை, தரையில் வைக்கோல். சிரட்டைகளில் நெல் முளைக்கவைத்து 25க்குப் பச்சை வந்துவிட்டது, அது அம்மாவின் துறை.

செலவைக் கூட்டினேன்: மரம் 420, கருவிகள் 550, சாணைக்கல் 160, உப்புத்தாள் 90, மருந்து 130, நிறங்கள் 240, எண்ணெயும் டர்பன்டைனும் 210, மெழுகு 80, பசை 55. மொத்தம் 1,935 ரூபாய். வீணாய்ப்போன உளிப்பெட்டியைச் சேர்க்கவில்லை. ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை மாலை நேரங்கள் எல்லாம் இதற்கே போயின.

அந்த வருடம், பாலனைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களில் ஒருவர்தான் முடிந்தார். ஜனவரி 6 வரைக்கும் அவர் தனியாகவே வந்து நின்றார். மற்ற இருவருக்கும் இந்த ஜனவரியில் வேறு குமிழ்த் துண்டு வாங்கினேன், இந்த முறை நடுத்தண்டு இல்லாததாகப் பார்த்து. ஈரமாக இருக்கும்போதே உருவத்தைத் தோராயமாக வெட்டி, ஒரு வாரம் மருந்தில் ஊறவிட்டு, அப்புறம் காயவைத்தேன். கனம் குறைந்ததால் ஏப்ரலிலேயே எடை நின்றுவிட்டது, ஒரு வெடிப்பும் இல்லை. மழையில் சற்று ஏறியிருக்கிறது. நேற்று நிறுத்தபோது ஒருவர் 412 கிராம், மற்றவர் 436. கிரீடத்தை மட்டும் தனியாகச் செய்து ஒட்டலாமா, ஒரே கட்டையில் எடுக்கலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்க வேண்டும்.